ஜூலியா மார்கரட் கெமரன்: கீறிய கண்ணாடிகளும் பெயரில்லாத முகங்களும்

பலாங்கொடையிலிருந்து மலைப்பக்கமாக ஏறும் வீதி ஒன்று பொகவந்தலாவையில் போய் இறங்குகிறது. அங்குள்ள சென். மேரிஸ் தேவாலயத்தின் கல்லறைத் தோட்டத்தில் ஓர் ஆங்கிலேயப் பெண் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார். புகைப்படக் கலையின் வரலாற்றை யார் எழுதினாலும் அவரை விட்டுவிட்டு எழுத முடியாது. ஆனால், அந்தப் பகுதித் தோட்டங்களில் விசாரித்தால் பெரும்பாலானோருக்கு அவர் யாரென்று தெரியாது. ஜூலியா மார்கரட் கெமரன் என்பது அவர் பெயர்.

ஊடகக் கற்கை படித்த காலத்தில் எனக்கும் அவர் ஒரு பெயராக மட்டுமே அறிமுகமானார். டார்வினின் படத்தையும் டெனிசனின் படத்தையும் திரையில் காட்டினார்கள். அவர் இலங்கையில் வாழ்ந்ததையோ, தோட்டத் தொழிலாளர்களைப் படமெடுத்ததையோ, எங்கள் ஊரிலிருந்து ஒரே பஸ் பயணத் தூரத்தில் புதைக்கப்பட்டதையோ யாரும் சொல்லவில்லை. அதனால் இந்தக் கட்டுரை அவருடைய முழு வாழ்க்கையையும் சொல்லிவிட்டு, அந்தக் கடைசிப் பகுதியில் கொஞ்சம் அதிகமாகத் தங்கும்.

கல்கத்தாவும் இலங்கைக் கோப்பியும்

ஜூலியா 1815 ஜூன் 11ஆம் திகதி கல்கத்தாவில் பிறந்தார். தந்தை ஜேம்ஸ் பாட்டில் கிழக்கிந்தியக் கம்பனியின் உயர் அதிகாரி. தாய் பிரெஞ்சு வம்சாவளி. குடும்பத்தில் ஏழு பெண்கள். சகோதரிகள் பலரும் அழகுக்குப் பேர்போனவர்கள். ஜூலியாவோ பிடிவாதத்துக்கும் பரபரப்பான சுபாவத்துக்கும் பேர்போனவர். சிறு வயதில் பிரான்ஸில் பாட்டியிடம் வளர்ந்து, 1834இல் இந்தியாவுக்குத் திரும்பினார்.

உடல்நலம் தேறுவதற்காக தென்னாபிரிக்காவின் நன்னம்பிக்கை முனைக்குப் போனபோது இருவரைச் சந்தித்தார். ஒருவர் வானியலாளர் ஜோன் ஹேர்ஷல். புகைப்படத்தை அழியாமல் நிலைநிறுத்தும் ‘ஹைப்போ’ இரசாயனத்தின் பயனைக் கண்டறிந்தவர் அவர்தான். நெகட்டிவ், பொசிட்டிவ் என்ற சொற்களைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தவரும் அவரே. மற்றவர் சார்ள்ஸ் ஹே கெமரன் என்ற சட்ட வல்லுநர், ஜூலியாவைவிட இருபது வயது மூத்தவர். 1838இல் கல்கத்தாவில் அவரையே ஜூலியா மணந்தார்.

சார்ள்ஸ் கெமரனை எங்களுக்கு நன்றாகத் தெரியும். பாடசாலை வரலாற்றுப் புத்தகத்தில் வரும் கோல்புறூக் – கெமரன் ஆணைக்குழுவின் கெமரன் இவர்தான். இலங்கையின் நீதி நிர்வாகம் பற்றி ஆராய வந்தவர். அந்த ஆணைக்குழுவின் பரிந்துரைகளை அடுத்து இராஜகாரிய முறை ஒழிக்கப்பட்டது; 1833 சீர்திருத்தங்கள் நாட்டை ஒரே நிர்வாகத்தின் கீழ் கொண்டுவந்தன. காணியும் உழைப்பும் சந்தைக்கு வந்தன. கோப்பித் தோட்டங்களுக்கு வழி திறந்தது. கண்டிய விவசாயிகள் தோட்டக் கூலிக்கு வர மறுத்தபோது, சென்னை மாகாணத்திலிருந்து எங்கள் முன்னோர் மன்னார்க் கரையில் இறங்கி நடந்து வந்தார்கள். சார்ள்ஸ் பரிந்துரையோடு நிற்கவில்லை. மலைநாட்டில் கோப்பிக் காணிகளை வாங்கி அதில் தன் பணத்தையும் போட்டார்.

திம்புள்ளயின் பெயரில் ஒரு வீடு

1848இல் குடும்பம் இங்கிலாந்துக்குக் குடிபெயர்ந்தது. 1860இல் ஐல் ஒஃப் வைட் தீவில், கவிஞர் டெனிசனின் வீட்டுக்கு அருகே இரண்டு குடிசை வீடுகளை வாங்கி ஒன்றாக இணைத்தார்கள். அந்த வீட்டுக்கு அவர்கள் இட்ட பெயர் ‘டிம்போலா’. தங்களுக்குக் காணி இருந்த திம்புள்ளப் பிரதேசத்தின் பெயர் அது. அந்த வீடு இன்று ஜூலியாவின் நினைவாக அருங்காட்சியகமாக இருக்கிறது.

ஆனால், திம்புள்ளயிலிருந்து வர வேண்டிய வருமானம் ஒழுங்காக வரவில்லை. சார்ள்ஸ் அடிக்கடி இலங்கைக்குப் போய்விடுவார். ஆறு பிள்ளைகளைப் பெற்று வளர்த்து, அநாதைகளான உறவினர் பிள்ளைகளையும் சேர்த்து வளர்த்த ஜூலியா தனித்துப்போனார். அப்படிப்பட்ட ஒரு நேரத்தில்தான், 1863 டிசெம்பரில், மகளும் மருமகனும் பொழுதுபோக்காக இருக்கட்டும் என்று ஒரு கமராவைப் பரிசாகக் கொடுத்தார்கள். ஜூலியாவுக்கு அப்போது 48 வயது.

நிலக்கரி போட்டு வைக்கும் அறை இருட்டறையானது. கண்ணாடி பதித்த கோழிக்கூடு ஸ்டூடியோவானது. அந்தக் காலத்தில் படம் எடுப்பது விரல் நுனி வேலையல்ல. கண்ணாடித் தகட்டில் கொலோடியன் என்ற பசையை ஊற்றிப் பரப்பி, வெள்ளி நைத்திரேற்றுக் கரைசலில் தோய்த்து, ஈரம் காய்வதற்குள் படமெடுத்து, உடனே கழுவ வேண்டும். கையெல்லாம் கறுத்துப்போகும். நிலைநிறுத்தப் பயன்பட்ட பொட்டாசியம் சயனைட்டோ கொடிய நஞ்சு. எதிரே உட்கார்ந்தவர் சில நிமிடங்கள் அசையாமல் இருக்க வேண்டும்.

1864 ஜனவரியில் ஆனி என்ற சிறுமியின் படம் சரியாக வந்தது. அதையே தன் முதல் வெற்றி என்று அவர் அறிவித்துக்கொண்டார். அதே ஆண்டில் லண்டன் புகைப்படக் கழகத்திலும் ஸ்கொட்லாந்துப் புகைப்படக் கழகத்திலும் அங்கத்தவரானார். படங்களைக் கண்காட்சிகளுக்கு அனுப்பத் தொடங்கினார். பதிப்புரிமை பதிந்தார், வியாபாரி மூலம் விற்றார்.

கழகம் சொன்ன தீர்ப்பு

இன்று ஒரு புகைப்படக் கழகத்தின் மாதாந்தப் போட்டிக்குப் படம் அனுப்பியவர்களுக்கு அவருடைய அனுபவம் நன்றாகப் புரியும். நடுவர்கள் தெளிவைத் தேடினார்கள். ஜூலியாவின் படங்கள் மென்மையாகக் கலங்கி இருந்தன. சுத்தமான தகட்டைத் தேடினார்கள். இவருடைய படங்களில் கைரேகையும் தூசும் இரசாயனம் வழிந்த தடமும் கிடந்தன. புகைப்படப் பத்திரிகைகள், இந்த அம்மாவுக்குக் கமராவைக் கையாளத் தெரியவில்லை என்ற பொருள்பட எழுதின.

அந்தக் காலத்துக் கழகங்கள் படத்தில் கைவைப்பதையே எதிர்த்தன என்று நினைத்துவிடக் கூடாது. ஹென்றி பீச் றொபின்சன் 1858இல் ஐந்து நெகட்டிவ்களைப் பொருத்தி, சாகும் நிலையில் கிடக்கும் ஒரு பெண்ணின் காட்சியை உருவாக்கினார். ஒஸ்கார் றெயிலாண்டர் அதற்கு ஓராண்டு முன்பே முப்பதுக்கு மேற்பட்ட நெகட்டிவ்களைச் சேர்த்து ஒரே படமாக்கிவிட்டார். தொழில்முறை ஸ்டூடியோக்கள் முகச் சுருக்கங்களைப் பென்சிலால் மறைத்துக் கொடுத்தன. எங்கள் ஊர் ஸ்டூடியோக்காரர்கள் ‘டச்சிங்’ என்று சொல்லும் வேலைதான் அது. தையல் தெரியாமல் தைத்தால் கழகம் பாராட்டியது. ஜூலியா தையலை மறைக்கவில்லை. பிரச்சினை அங்கேதான் இருந்தது. றொபின்சனே அவருடைய கடுமையான விமர்சகர்களில் ஒருவர்.

கழகத்துக்கு வெளியே நிலைமை வேறு. 1865இல் பெர்லின் கண்காட்சியில் வெண்கலப் பதக்கமும், மறு ஆண்டு அங்கேயே தங்கப் பதக்கமும் கிடைத்தன. லண்டனின் சவுத் கென்சிங்டன் அருங்காட்சியகம் 1865இலேயே அவருடைய படங்களை வாங்கிக் காட்சிக்கு வைத்தது. 1868இல் ஸ்டூடியோவாகப் பயன்படுத்த இரண்டு அறைகளையும் கொடுத்தது.

முகம் ஒன்று, வேலை பல

எடுத்த படத்தோடு ஜூலியா நிறுத்திக்கொண்டவரல்ல. நெகட்டிவின் பூச்சை ஊசியால் கீறி, பின்னணியில் கோடுகள் வரைந்திருக்கிறார். இரண்டு நெகட்டிவ்களிலிருந்து ஒரே படத்தை அச்சிட்டிருக்கிறார். உடைந்த கண்ணாடியிலிருந்தும் அச்செடுத்திருக்கிறார். ஒரே முகத்தை ஓரிடத்தில் வட்டமாகவும் இன்னோரிடத்தில் நீள்சதுரமாகவும் வெட்டி, வேறு வேறு தலைப்புகளில் வெளியிட்டிருக்கிறார். வீட்டுப் பணிப்பெண் மேரி ஹில்லியரை மாதாவாக உட்கார வைத்தார்; அந்தப் பெண்ணை ஊரே மேரி மாதா என்று அழைக்கும் நிலை வந்தது. டெனிசனின் ஆர்தர் மன்னர் கவிதைகளுக்காக எடுத்த படம் ஒன்றில், நிலவையே நெகட்டிவில் கீறி வரவழைத்தார்.

ஆனால், முகத்தில் மட்டும் அவர் கைவைக்கவில்லை. ஹேர்ஷலின் முகச் சுருக்கம் ஒவ்வொன்றும் 1867ஆம் ஆண்டுப் படத்தில் அப்படியே இருக்கிறது. படமெடுக்கும் முன் அவருடைய நரைமுடியைக் கழுவிக் கலைத்துவிடச் செய்தார் என்பார்கள். ஆளை மாற்றி அமைப்பார், நெகட்டிவில் ஆளை அழகாக்க மாட்டார். அட்டையின் அடியில், நேரில் கண்டு எடுத்தது, பெரிதாக்கப்படாதது என்று தன் கையால் எழுதிக் கையொப்பமிடுவார்.

பழைய படங்களைக் காப்பாற்றும் வேலையும் அவருக்கு வந்தது. 1869இல் அவருடைய நெகட்டிவ்கள் பலவற்றின் மேற்பூச்சு தேன்கூட்டைப் போல் வெடித்துப்போனது. தன்னைக் கிண்டல் செய்த அதே லண்டன் கழகத்தின் கூட்டத்துக்குப் போய் ஆலோசனை கேட்டார். கடற்காற்று காரணமாக இருக்கலாம், சரியாகக் கழுவாததும் காரணமாக இருக்கலாம் என்று அங்கத்தவர்கள் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். பின்னர், 1875 அளவில், அவருடைய சிறந்த படங்கள் சுமார் எழுபதை ஓட்டோடைப் கம்பனி மறுபடி படமெடுத்து, மங்காத காபன் அச்சுகளாக வெளியிட்டது. அப்படி மறுபடி எடுக்கும்போது பழைய கறைகளையும் கீறல்களையும் அகற்ற வழி கிடைக்கும். இன்று நாம் ஸ்கேன் செய்து கணினியில் திருத்துகிறோமே, அதன் கொள்ளுத்தாத்தா அந்த வேலை.

பெயர் தெரிந்த ஒரு முகத்துக்கு ஒரு படம் என்ன செய்யும் என்பதற்கு மேரி ரயனின் கதை போதும். தாயோடு பிச்சை கேட்டு நின்ற அயர்லாந்துச் சிறுமி அவர். ஜூலியா வீட்டுக்கு அழைத்து வந்து வளர்த்தார், பணிப்பெண்ணாகவும் வைத்திருந்தார், படங்களுக்கும் உட்கார வைத்தார். லண்டன் கண்காட்சியில் அந்தப் படத்தையும் ஆளையும் பார்த்த ஹென்றி கொட்டன் என்ற இளைஞர் 1867இல் அவரை மணந்தார். இந்திய சிவில் சேவையில் உயர்ந்த அதே கொட்டன்தான் 1904இல் இந்திய தேசிய காங்கிரஸின் தலைவரானார்.

களுத்துறையில் எடுத்த படங்கள்

1869இல் இலங்கையின் கோப்பிச் செடிகளில் இலைத் துரு நோய் தோன்றியது. பல ஆண்டுகளாகக் கடனில் தள்ளாடிய கெமரன் குடும்பத்துக்கு அது பேரிடி. இங்கிலாந்தில் செலவைத் தாங்க முடியவில்லை. சார்ள்ஸுக்கோ இலங்கைமேல் தீராத ஆசை. 1875 ஒக்டோபரில் இருவரும் கப்பலேறினார்கள். சார்ள்ஸுக்கு எண்பது வயது, ஜூலியாவுக்கு அறுபது. இலங்கையில் சவப்பெட்டி கிடைக்குமோ கிடைக்காதோ என்று இரண்டு சவப்பெட்டிகளைப் பீங்கான் பாத்திரங்களால் நிரப்பி எடுத்து வந்தார்கள், கூடவே ஒரு பசுமாட்டையும் ஏற்றிக்கொண்டார்கள் என்று ஒரு கதை உண்டு.

மகன் ஹார்டிங் இலங்கை சிவில் சேவையில் இருந்தார். களுத்துறையில் அவருடைய பங்களாவிலும் மலைநாட்டுத் தோட்டங்களிலும் மாறி மாறி வாழ்ந்தார்கள். வெப்பமும் ஈரமும் கொலோடியனுக்கு எதிரி. இங்கிலாந்தில் இருந்ததுபோல் இரசாயனங்கள் கிடைக்கவில்லை, படங்களை வாங்க ஆளும் இல்லை. வாழ்நாளில் சுமார் 1,200 படங்களை எடுத்தவரின் இலங்கைப் படங்களில் இன்று எஞ்சியிருப்பவை முப்பதுக்கும் குறைவு.

1877இன் தொடக்கத்தில் களுத்துறைக்கு வந்த ஓவியர் மேரியன் நோர்த் தன் நினைவுக் குறிப்புகளில் இந்தக் காலத்தைப் பதிவு செய்திருக்கிறார். நண்பகல் வெயிலில், தலையை அவிழ்த்துவிட்டு, சால்வை போர்த்தி, தென்னோலைகள் தலையில் குத்தக் குத்த ஜூலியா அவரை நிற்க வைத்தாராம். இன்னொரு சம்பவம்தான் என்னை அதிகம் யோசிக்க வைத்தது. ஓர் ஆணின் முதுகு மிக அழகாக இருந்ததால், படமெடுப்பதற்காக அவரைத் தோட்டக்காரராக வேலைக்கு வைக்கும்படி ஜூலியா மகனிடம் வற்புறுத்தினார். பங்களாவில் தோட்டமே இருக்கவில்லை. நோர்த் அதை வேடிக்கையாக எழுதியிருக்கிறார். அந்த மனிதருக்கு அது வேடிக்கையாக இருந்ததா என்பது எந்தப் பக்கத்திலும் இல்லை. அவருடைய பெயரும் இல்லை.

இலங்கைப் படங்களில் இருப்பவர்கள் தோட்டத் தொழிலாளர்கள், வீட்டு வேலைக்காரர்கள், களுத்துறைக் கிராமத்தவர்கள். அவர்களில் பலர் தமிழர்கள் என்றே ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். சேலை உடுத்திய பெண்கள் நேராக நம்மைப் பார்க்கிறார்கள், சிலர் பார்வையை விலக்கிக்கொள்கிறார்கள். 1878இல் எடுத்த ஒரு குழுப்படத்தின் தலைப்பிலேயே சிறுமிக்குப் பன்னிரண்டு வயது என்றும், தான் அவளுடைய தந்தை, தனக்கு நூறு வயது என்று கிழவர் சொல்வதாகவும் ஜூலியா குறித்திருக்கிறார். வயதைக் கேட்டிருக்கிறார், உறவைக் கேட்டிருக்கிறார், கிழவரின் பதிலை நம்பாத தொனியில் எழுதியும் வைத்திருக்கிறார். பெயரை எழுதவில்லை.

இங்கிலாந்தில் பணிப்பெண்ணுக்கும் பெயர் இருந்தது. இங்கே எல்லோரும் தோட்டத் தொழிலாளி, சிங்களப் பெண், கிராமத்தவர் என்ற பொதுப்பெயரில் அடங்கிவிட்டார்கள். அதேவேளை, அன்றைய வணிக ஸ்டூடியோக்கள் அட்டைகளில் விற்ற ‘உள்ளூர் மாதிரிகள்’ படங்களைப் பார்த்தால் வித்தியாசமும் தெரியும். அவற்றில் ஆட்கள் கூடையோடும் கொழுந்தோடும் பொருட்களைப் போல நிறுத்தப்பட்டிருப்பார்கள். ஜூலியாவின் படங்களில் முகம் முகமாகவே இருக்கிறது. ஹேர்ஷலுக்குக் கொடுத்த அதே பொறுமையான வெளிச்சத்தை எங்கள் ஆட்களுக்கும் அவர் கொடுத்தார். இந்த இரண்டும் சேர்ந்துதான் ஜூலியா. ஒன்றைச் சொல்லி மற்றதை மறைப்பது சரியாகாது.

டிக்கோயாவில் முடிவு

1878இல் ஒருமுறை இங்கிலாந்து போய்த் திரும்பினார். மறு ஆண்டு ஜனவரியில் டிக்கோயாவின் கிளென்கேர்ன் தோட்டத்தில் நோயுற்றார். 1879 ஜனவரி 26ஆம் திகதி இறந்தார். உடல் மலைப்பாதை வழியாகப் பொகவந்தலாவைக்குக் கொண்டுவரப்பட்டது. 1880 மே மாதம் சார்ள்ஸும் இறந்து, அருகிலேயே அடக்கம் செய்யப்பட்டார். இராஜகாரியத்தை ஒழிக்கப் பரிந்துரைத்தவரும், அதன்பின் உருவான தோட்டங்களின் முகங்களைப் படமெடுத்தவரும் பொகவந்தலாவை மண்ணில் பக்கத்தில் பக்கத்தில் கிடக்கிறார்கள். கோப்பி அந்த நேரம் செத்துக்கொண்டிருந்தது. தேயிலை வந்துகொண்டிருந்தது.

ஜூலியாவின் பெயர் கொஞ்சக் காலம் மங்கியது. அவருடைய மருமகள் முறையான ஜூலியா ஜக்சனின் மகள்தான் எழுத்தாளர் வேர்ஜீனியா வுல்ஃப். 1926இல் அவர் தன் பெரிய பாட்டியின் படங்களைத் தொகுத்து நூலாக்கினார். கழகம் குறையாகச் சொன்ன கலங்கல்தான் இன்று அவருடைய அடையாளமாகப் பாடப்புத்தகங்களில் நிற்கிறது.

பழைய படத்தில் கைவைப்பவர்களுக்கு

இப்போது விடயத்துக்கு வருகிறேன். மலையகம் 200 நிகழ்வுகள் நடந்த 2023இல் தோட்டத் தொழிலாளர்களின் பழைய படங்கள் சமூக ஊடகங்களில் நிறையச் சுற்றின. பலவற்றுக்கு நிறம் ஊட்டியிருந்தார்கள். கலங்கிய முகங்களைச் செயலிகள் கூர்மையாக்கியிருந்தன. கழகப் போட்டிகளில் ஆர்வமுள்ள இளைஞர்கள் சிலர் என்னிடம் கேட்பதும் இதுதான்: பழைய முகப்படம் ஒன்றை எடுத்து, கீறலை நீக்கி, பின்னணியை மாற்றி, போட்டிக்கு அனுப்பலாமா?

சட்டப்படி ஜூலியாவின் படங்கள் பொதுச்சொத்து. ஆனால், சர்வதேச அமைப்புகளின் விதிகளைப் பின்பற்றும் போட்டிகளில், படத்தின் ஒவ்வொரு பகுதியும் அனுப்புபவர் எடுத்ததாக இருக்க வேண்டும். இன்னொருவர் எடுத்த முகத்தை எவ்வளவு வேலை செய்து மாற்றினாலும் அது சொந்தப் படமாகாது. விதிப்படி பதில் அத்துடன் முடிந்தது.

என்னுடைய கவலை வேறு. செயலி முகத்தைக் கூர்மையாக்கும்போது, படத்தில் இல்லாத கண்ணையும் இல்லாத தோலையும் அது ஊகித்து வரைகிறது. பெயரை இழந்துவிட்ட ஒரு பெண்ணுக்கு முகம் மட்டும்தான் மிச்சம். அதையும் மாற்றிவிட்டால் அவரிடம் என்ன இருக்கும்? பின்னணியைக் கீறிய ஜூலியா முகத்தைத் தொடாமல் விட்டதை இங்கே நினைத்துக்கொள்ளலாம். பழைய படத்தில் வேலை செய்யுங்கள். மூலப்படத்தையும் பக்கத்தில் வையுங்கள். என்ன செய்தீர்கள் என்று எழுதுங்கள். பெயர் தெரியாது என்றால், பெயர் பதிவு செய்யப்படவில்லை என்றே எழுதுங்கள். தமிழ்ப் பெண், கொழுந்து பறிப்பவள் என்று முடித்துவிடாதீர்கள்.

பலாங்கொடைப் பக்கத் தோட்டங்களின் லயன் வீடுகளில் இதே வேலை எப்போதும் நடந்துவந்திருக்கிறது. 1948இல் குடியுரிமை பறிபோன பின், 1964இன் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பின், விண்ணப்பத்துக்கும் கடவுச்சீட்டுக்கும் எடுத்த சின்னப் படம்தான் எத்தனையோ தாத்தா பாட்டிமாருக்கு இருந்த ஒரே படம். அவர்கள் இறந்ததும் அதை நகரத்து ஸ்டூடியோவுக்குக் கொண்டுபோய்ப் பெரிதாக்குவார்கள். கழுத்துக்குக் கீழே கோட்டு வரும், பாட்டிக்குப் பட்டுச்சேலை வரும், பின்னால் நீலத் திரை வரும். அது பொய்யில்லை. வாழ்நாளில் கிடைக்காத ஒரு மரியாதையைப் பிள்ளைகள் படத்திலாவது செய்து பார்த்தார்கள். பார்க்கிற எல்லோருக்கும் அவர் யாரென்று தெரிந்திருந்ததால்தான் அது பொருந்தியது. அடுத்த தலைமுறைக்கு அது தெரியாமல் போகலாம்.

ஆகவே ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டுச் சுவரில் அப்படி ஒரு படம் இருந்தால், இந்த வாரமே கழற்றிப் பின்பக்கத்தில் எழுதி வையுங்கள். ஆளின் முழுப் பெயர், தோட்டத்தின் பெயர், டிவிசன், செய்த வேலை, தெரிந்தால் பிறந்த ஆண்டு. தகப்பன், தாய் பெயரும் தெரிந்தால் அதையும் எழுதுங்கள். சட்டத்தினுள்ளே பழைய சின்னப் படம் செருகியிருந்தால் அதை வீசிவிடாமல், முன்னும் பின்னும் போனில் படமெடுத்துக்கொள்ளுங்கள். ஐந்து நிமிட வேலை. களுத்துறையில் அந்தச் சிறுமியின் வயதைக் கேட்டு எழுதிய கைக்கு இன்னும் ஒரு சொல் எழுத எவ்வளவு நேரம் பிடித்திருக்கும்?